ஏழாவது லீவர்

மதுரையிலிருந்து நத்தம் போகிற சாலையில், ஒரு கண்மாயை மூடி அதன் மேல் கட்டிய அமைதி அவென்யூ என்ற குடியிருப்பில் நீச்சல் குளம் இருந்தது, நடைபாதை இருந்தது, கிளப் ஹவுஸ் இருந்தது, வாசலில் தடுப்புக் கட்டையும் கேமராவும் நீலச் சட்டை போட்ட காவலாளியும் இருந்தார்கள், ஆனால் அங்கே குடியிருந்த ஒருவருக்கும் தூக்கம் இருக்கவில்லை. மாத்திரை போட்டுப் பார்த்தார்கள், கசகசா அரைத்துப் பாலில் குடித்துப் பார்த்தார்கள், யோகா வாத்தியாரைக் கூப்பிட்டுப் பிணம் மாதிரி படுத்துப் பார்த்தார்கள். கடைசியில், எங்கோ ஒரு நாட்டில் முகம் காட்டாத ஒருவன் பூட்டுகளைக் கம்பி விட்டுத் திறக்கிற வீடியோக்களை யாரோ ஒருவர் கண்டுபிடித்து எல்லோருக்கும் அனுப்ப, அன்றிலிருந்து அந்தக் கனவான்களும் சீமாட்டிகளும் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பூட்டுச் சத்தம் கேட்டபடி கிடந்தார்கள். டிக் என்று ஒன்று வரும், பிறகு ஒரு சின்ன உரசல், பிறகு இன்னொரு டிக். கேட்கக் கேட்கப் பிடரியில் கூசுமாம், தோளில் இருந்த பாரம் இறங்குமாம், இதோ திறக்கப்போகிறது இதோ திறக்கப்போகிறது என்று மனசு காத்துக்கொண்டே கண்ணை மூடிவிடுமாம். தன் வீட்டுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டு அடுத்தவன் பூட்டு திறக்கிற சத்தத்தில் சுகம் காணும் கூட்டம் அது.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, அந்தச் சத்தம் போனிலிருந்து வராமல் பத்தொன்பதாம் நம்பர் வீட்டிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டது, கடைசி வரிசை வீட்டுக்கும் கேட்டது, எல்லோருக்கும் ஒரே அளவில், காதுமடலில் உதட்டை வைத்து யாரோ சொல்வதுபோல் கேட்டது. தாளித்துக்கொண்டிருந்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். நடைபாதையில் நடந்தவர்கள் அங்கங்கே புல்லில் சாய்ந்தார்கள். கணினியில் மீட்டிங்கில் இருந்தவர்கள் மேலதிகாரி பேசப் பேசத் தலையைத் தொங்கப் போட்டார்கள். தெருநாய்கள் நான்கும் வரிசையாகக் கால் நீட்டிப் படுத்தன. அன்று உறை ஊற்றிய தயிர்கூட வழக்கத்தைவிடக் கெட்டியாகத் தோய்ந்ததாகச் சொன்னார்கள். இப்படி ஒரு சத்தம் எப்படி வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாளைக்கும் வருமா என்றுதான் கேட்டார்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நம்பர் வீட்டுக்குள் செண்பகம் இருந்தாள். அவளுடைய புருஷன் தனுஷ்கோடி, டவுனில் குளியலறைச் சாமான் ஷோரூம் வைத்திருப்பவன், காலையில் ஒன்பது மணிக்கு அவளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிச் சாவியோடு போனான், ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வந்து திறந்தான். அவளுடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டான். செண்பகத்தின் தங்கை அருள்மொழி, இன்னாசி என்ற மெக்கானிக்கைக் காதலித்துக் கட்டிக்கொண்டு போனவள், அப்போது ஆறு மாதக் கர்ப்பம். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் ஒரு பெண்துணை இல்லை. அம்மாவும் செத்துப்போயிருந்தாள். அடுத்த பிரசவத்துக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் இருப்பேன் என்று செண்பகம் தங்கைக்குச் சத்தியம் செய்திருந்தாள். ஓடிப்போனவள் வாசலை நீ மிதிக்கக் கூடாது என்றான் தனுஷ்கோடி. மிதிப்பேன் என்றாள் செண்பகம். அதற்குப் பதிலாகத்தான் அவன் ஷோரூமிலிருந்து அந்தப் பூட்டைக் கொண்டுவந்து கதவில் பதித்தான், இரண்டு பக்கமும் சாவித் துவாரம் உள்ள ஏழு லீவர் பூட்டு.

லீவர் என்பது பூட்டின் வயிற்றுக்குள் இருக்கிற பித்தளை நாக்கு. ஏழு நாக்கையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். செண்பகம் ஒரு ஹேர்பின்னை வளைத்துத் தாழை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஹேர்பின்னால் ஒவ்வொரு நாக்காகத் தேடித் தூக்கினாள். ஒரு நாளில் ஒரு நாக்கு எழும்பியது, சில நாள் இரண்டு, ஆவணி முடிவதற்குள் ஐந்து. சாயங்காலம் கை ஓய்ந்தாலும் சரி, ராத்திரி தனுஷ்கோடியின் சாவி நுழைந்தாலும் சரி, தூக்கியதெல்லாம் சடசடவென்று விழுந்துவிடும். மறுநாள் அவன் போனதும் அவள் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஆள்காட்டி விரல் வீங்கி நகக்கண்ணில் சீழ் கோத்தது. அவள் அழுதாள், அழுதுகொண்டே தூக்கினாள்.

வெளியே அமைதி அவென்யூ புதுவாழ்வு பெற்றது. பகலில் தூங்குவதற்காக அலுவலக வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நம்பர் வீட்டைச் சுற்றிப் பந்தல் போட்டு, கல்யாண மண்டபத்திலிருந்து சாய்வு நாற்காலிகள் எடுத்துவந்து வரிசையாகப் போட்டார்கள். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் கேட்கும் என்றாலும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் திருப்தி. பிரஷர் குறைந்தது, சர்க்கரை குறைந்தது, மாமியார் மருமகள் சண்டை குறைந்தது. ஓய்வுபெற்ற மனோதத்துவப் பேராசிரியர் நீலமேகம் கிளப் ஹவுஸில் ஒரு மணி நேரம் சொற்பொழிவு செய்தார். மனிதனுக்குத் திறந்த கதவு பயத்தைத் தருகிறது, மூடிய கதவு துக்கத்தைத் தருகிறது, திறக்கப்போகிற கதவு ஒன்றுதான் இன்பத்தைத் தருகிறது, ஆகவே இந்தச் சத்தம் கதவைப் பற்றியதே அல்ல, காத்திருப்பைப் பற்றியது என்று அவர் சொன்னபோது, கைதட்டுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் எல்லோரும் சொக்கிக் கிடந்தார்கள். உள்ளே இருக்கிறவளும் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்பது பேராசிரியரின் ஆராய்ச்சிக்குள் வரவில்லை.

சிலர் சத்தத்தைப் போனில் பதிவு செய்தார்கள், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பலாமே என்று. போட்டுக் கேட்டால் அதில் டிக் இல்லை. ஒரு பொம்பளை மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் இருந்தது, நடுநடுவே, "வந்துர்றேன் அருளு, வந்துர்றேன்டி," என்று ஒரு முனகல். பேக்கிரவுண்ட் நாய்ஸ் ரொம்ப இருக்கிறது என்று சொல்லி அழித்துவிட்டார்கள்.

அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொன்னால் அபாண்டமாகிவிடும். மகளிர் குழுத் தலைவி ஹேமலதா மேடம் வாரம் தவறாமல் ஜன்னல் கம்பி வழியே செண்பகத்துக்கு ஒரு அட்டை ஹேர்பின் கொண்டுவந்து கொடுத்தார்.

"கறுப்புப் பின் வேண்டாம் செண்பகம், அது மொண்ணையா கேக்குது. இது ஸ்டீலு. இதுல பண்ணு, நல்லா கணீர்னு வருது."

"அக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், யார்ட்டயாவது சொல்லி இந்தக் கதவ ஒடைக்கச் சொல்லுங்கக்கா. ஏந் தங்கச்சிக்கு நாளு நெருங்குது."

"அய்யோ, அது உங்க குடும்ப விஷயம்மா. அதுல நாங்க தலையிட முடியுமா?" என்றார் ஹேமலதா, உண்மையிலேயே கண் கலங்கி. போகும்போது திரும்பி, "அப்புறம், நேத்து மத்தியானம் கொஞ்சம் வேகமாப் போயிட்ட. எல்லாரும் சொன்னாங்க. நிதானமாப் பண்ணும்மா, என்ன?" என்றார்.

இங்கே அந்தக் குடியிருப்பின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். யார் வீட்டில் பூட்டு மாற்றினாலும் அதன் மாற்றுச் சாவி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. வாசல் கேட்டுக்கு ஒட்டினாற்போல் அலுவலகம், கண்ணாடிச் சுவர், உள்ளே ஒரு பலகை, பலகை நிறையக் கொக்கிகள். தனுஷ்கோடி விதிகளை மதிக்கிறவன். புதுப் பூட்டின் சாவியை அன்றே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். பத்தொன்பது என்று எழுதிய கொக்கியில் அது பளபளவென்று தொங்கியது. பால் வாங்கப் போகிறவரும் கார் எடுக்கப் போகிறவரும் தினம் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். செண்பகத்துக்கு மட்டும் அப்படி ஒரு சாவி இருப்பது தெரியாது. பால் பாக்கெட்டைக்கூட ஜன்னல் வழியே வாங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்?

புரட்டாசி வெயிலில், எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அருள்மொழி வந்தாள். இந்தக் குடியிருப்பில் விருந்தாளி உள்ளே வர வேண்டுமென்றால் வீட்டுக்காரரின் போனுக்கு ஆப்பில் தகவல் போகும், அவர் சரி என்று தட்டினால்தான் கட்டை தூக்கப்படும். பத்தொன்பதாம் நம்பருக்குத் தனுஷ்கோடியின் போன் நம்பர்தான்.

"ரிஜெக்ட் பண்ணிட்டாரும்மா," என்றார் காவலாளி.

அருள்மொழி நகரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பலகையைப் பார்த்துவிட்டாள். சங்கச் செயலாளர் சௌந்தரபாண்டியனைக் கூப்பிடச் சொல்லி வெயிலிலேயே நின்றாள். அவர் பந்தலிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தார்.

"அந்தா தொங்குதுல்ல சார், பத்தொம்போது! அத எடுத்துத் தொறந்து விடுங்க சார். ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

"சாவி இல்லைன்னு நான் சொல்லலையேம்மா. ஆனா அது அவசரத்துக்குன்னு குடுத்தது. தீப்பிடிக்கணும், கேஸ் லீக் ஆகணும், இல்ல உள்ள யாருக்காச்சும் நெஞ்சுவலி வரணும். சங்க விதியில தெளிவா இருக்கு. உங்க அக்காவுக்கு என்ன? நல்லாத்தான் இருக்காங்க. தினம் கேக்குறோமே."

"என்ன சார் கேக்குறீங்க? அவ மூச்சு முட்டிக் கெடக்கா சார். எனக்கு இங்ஙன வரைக்கும் கேக்குது!"

சௌந்தரபாண்டியன் காது கொடுத்துக் கேட்டார். அவருக்கு டிக் என்றது, உரசியது, டிக் என்றது. கண் செருகியது. அருள்மொழிக்கு டிக் கேட்கவே இல்லை, மூச்சு வாங்குவதுதான் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து போலீஸுக்குப் போனாள். அங்கிருந்து ஒரு ஏட்டு விசாரிக்க வந்தார், பந்தலில் ஒரு நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள், அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் அயர்ந்து தூங்கிவிட்டு, இருபது வருஷ அசதி போச்சு என்று சொல்லி எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஆயுத பூஜை வந்தது. எல்லோரும் கார்களுக்குப் பொட்டு வைத்தபோது, அலுவலகத்துச் சாவிப் பலகையையும் துடைத்து, பத்தொன்பதாம் சாவிக்கு மட்டும் தனியாகச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றினார்கள். நமக்கெல்லாம் நிம்மதி கொடுத்த பூட்டு, அதன் சாவியைக் கும்பிடாமல் வேறெதைக் கும்பிடுவது என்றார் நீலமேகம். அன்றிலிருந்து தினமும் காலையில் புதுப் பூ. பூஜை முடிந்ததும் கிளப் ஹவுஸ் மேடையில் தனுஷ்கோடிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் வெட்கத்தோடு நெளிந்தான்.

"ஹேர்பின்ன வச்சு ஏழு லீவரத் தொறக்க முடியுமா சார்? அது பாட்டுக்கு நோண்டிக்கிட்டுக் கெடக்கு, கெடக்கட்டும்," என்றான்.

"தொறக்கவே வேண்டாம் சார், அதான் அழகு," என்றார் சௌந்தரபாண்டியன். "ஒரே ஒரு விண்ணப்பம். ஞாயித்துக்கெழமையும் நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வந்தீங்கன்னா, எங்களுக்கு வாரம் முழுக்க ஆயிரும்." தனுஷ்கோடி பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவளைப் பூட்டிவிட்டு ஷோரூமுக்குப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அருள்மொழிக்கு வலி கண்டது. இன்னாசி அவளைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பைக்கை முறுக்கிக்கொண்டு வந்தான். வாசலுக்குப் போய்ப் பயனில்லை என்று தெரிந்தவன், பின்பக்க மதிலோரம் வண்டியை நிறுத்தி, சீட்டின் மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினான்.

"அக்கா! அருளுக்கு வலி வந்துருச்சுக்கா! ஒங்களத்தேன் கேக்கா! பிள்ள தலை திரும்பலைங்கிறாங்கக்கா!"

பந்தலில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். யாரோ ஒருவர் உஸ் என்றார். செண்பகத்துக்கு அந்தக் குரல் கேட்ட நேரத்தில் ஐந்து நாக்கு எழும்பியிருந்தது. பொறுக்கித் தின்னும் கோழி மாதிரி ஹேர்பின் உள்ளே கொத்திக் கொத்தித் தேடியது. டிக்குகள் தாறுமாறாக வந்தன. "இன்னிக்கிச் சத்தம் சரியில்லையே, ஹேமலதா மேடம் போய்ச் சொல்லக் கூடாதா?" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் ஆறாவது நாக்கு எழும்பியது. ஆறாவதை அவர்கள் அதுவரை கேட்டதில்லை. அத்தனை பேர் பிடரியும் ஒரே நேரத்தில் கூசியது. அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இதோ, இதோ, இதோ என்று அவர்கள் மனசு காத்துக்கிடக்க, ஏழாவது நாக்கு எழும்பி, தாழ் பின்னால் போய், கதவு திறந்தது. அந்த ஒற்றைச் சத்தத்தில் அமைதி அவென்யூ மொத்தமும், பந்தலில் இருந்தவர்களும் வீட்டில் இருந்தவர்களும் கேட்டில் இருந்த காவலாளியும், வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனார்கள். நீலமேகத்தின் கடைவாயில் எச்சில் ஒழுகியது.

செண்பகம் வெளியே வந்தாள். நாற்காலி வரிசைகளைப் பார்த்தாள். தனக்கு ஹேர்பின் கொடுத்த ஹேமலதாவையும் மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தாண்டி நடந்தாள். தடுப்புக் கட்டைக்குக் கீழே குனியப்போனவள் கண்ணில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பலகை பட்டது. பத்தொன்பது என்று எழுதியிருந்தது. சாவிக்குச் சந்தனம், குங்குமம், அன்று காலையில் சுற்றிய மல்லிகை. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆடி, ஆவணி, புரட்டாசி முழுக்க அது அங்கேதான் இருந்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. உள்ளே போனாள். சாவியைத் தொடவில்லை. மல்லிகைச் சரத்தை மட்டும் உருவித் தலையில் வைத்துக்கொண்டாள். குத்துவதற்கு ஹேர்பின் கையிலேயே இருந்தது.

இன்னாசி சுற்றி வந்து வண்டியோடு நின்றான். மத்தியானம் இரண்டு மணிக்குள் அவள் ஆஸ்பத்திரியில் தங்கையின் கையைப் பிடித்திருந்தாள். வீங்கிய விரலைத் தங்கை வலி பொறுக்காமல் நெரித்தபோது அவளுக்கு உயிரே போவதுபோல் இருந்தது, கையை விடவில்லை. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது, அதுவும் நல்லபடியாகப் பிறந்தது. அக்காவும் தங்கையும் வாய்விட்டு அழுதார்கள்.

அதே சாயங்காலம் அமைதி அவென்யூ விழித்துக்கொண்டது. எங்கும் ஒரு சத்தமும் இல்லை. ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பத்தொன்பதாம் நம்பர் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. நாளைக்கு எப்படித் தூங்குவது என்ற நினைப்பு வந்ததும் சிலருக்கு அப்போதே கொட்டாவி நின்றுவிட்டது, சிலருக்கு நெஞ்சு படபடத்தது. ஹேமலதா மேடம், இவ்வளவு செய்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று தேம்பினார். நீலமேகம் இயர்போனைத் தேடி எடுத்துப் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டு, உப்புச் சப்பில்லை என்று பிடுங்கி எறிந்தார்.

அப்போதுதான் தனுஷ்கோடியின் கார் வந்தது. கதவு திறந்து கிடப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்தவன், காரை அணைக்காமல், சாவிக்கொத்தைக் காரிலும் போனைக் காரின் ஸ்டாண்டிலும் அப்படியே விட்டுவிட்டு, "ஏய் செண்பகம்!" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். அறை அறையாக அவன் அவளைத் தேடுவது வெளியே கேட்டது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். திறந்த கதவைப் பார்த்தார்கள். பிறகு சௌந்தரபாண்டியனைப் பார்த்தார்கள்.

சௌந்தரபாண்டியன் அலுவலகத்துக்குப் போய்ச் சாவியோடு திரும்பி வந்தார். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது.

"சார், அது அவசரத்துக்குத்தானே எடுக்கணும்?" என்றார் ஹேமலதா.

"இதுக்கு மேல என்ன மேடம் அவசரம் வேணும்?" என்றார் செயலாளர். கதவைச் சாத்தினார், சாவியை நுழைத்தார், ஏழு லீவரும் விழும்படி முழுதாகத் திருப்பி எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே தனுஷ்கோடி கதவை உதைத்தான், கெட்ட வார்த்தையில் கத்தினான், ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினான். வெளியே எல்லோரும் அவரவர் நாற்காலியில் அமைதியாகச் சாய்ந்தார்கள். ஹேமலதா மேடம் கைப்பையிலிருந்து ஒரு அட்டை ஸ்டீல் ஹேர்பின்னை எடுத்துக் கம்பி வழியே நீட்டினார்.

"இத வச்சு எப்பிடிம்மா தொறக்குறது? யோவ், தொறங்கய்யா!" என்று அலறினான் தனுஷ்கோடி.

"உதைக்கிற சத்தம் வேண்டாம் சார், தலை வலிக்குது," என்றார் சௌந்தரபாண்டியன், கண்களை மூடியபடி. "பின்ன எடுங்க. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாப் பண்ணுங்க."